இடப்பக்கம் நாலு கியர், வலப்பக்கம் அஞ்சு

கார்த்திகை 4, புதன்

விடியும்வரை மழை. கராஜுக்குப் பின்னால் வாவித் தண்ணீர் ஏறியிருக்கிறது. இசட் காருக்கு அடியில் இன்னும் நாலு கல் வைக்க வேண்டும். வாங்க: மண்ணெண்ணெய். மனைவி வசந்திக்கு இருமல் மருந்து.

பத்து மணிக்கு லாசர் அண்ணன் வந்தார். இரண்டு பக்கமும் சேராத பறங்கியர், தையல் மெசின் திருத்துகிறவர். தமிழ் ஊருக்கும் முஸ்லிம் ஊருக்கும் இடையில் பயமில்லாமல் போய்வருகிறவர் எனக்குத் தெரிய இப்போது அவர் ஒருவர்தான். மெசின் திருத்தும் சாமான் பெட்டியின் அடியிலிருந்து மடித்த கடதாசி ஒன்றை எடுத்துத் தந்தார்.

என் கூட்டாளி நஸீர் வந்திருக்கிறான். காத்தான்குடியில், அந்த முஸ்லிம் ஊரில், தன் வீட்டில். ஏழு வருஷத்துக்குப் பிறகு.

சவூதியில் இருந்தபோது அவன் கடிதம் பதினைந்து நாளில் வந்துவிடும். இப்போது மூன்று மைல். வந்து மூன்று கிழமை கழித்துத்தான் எனக்குத் தெரிகிறது. பதினாறாம் திகதி திரும்பப் போகிறானாம். இதென்ன கண்றாவி!

கடதாசியில் சுகம் கூட விசாரிக்கவில்லை. வழியில் யார் கையில் பட்டாலும் தொல்லை வரக்கூடாதென்று கார்க் கதை மட்டும். இதை எழுத அவனுக்கு எவ்வளவு நேரம் போயிருக்கும்!

“சவூதியில நான் பாத்த இசட் அமெரிக்காவால வந்தது. ஸ்டியறிங் இடப்பக்கம். நாலு கியர். மைல் மீற்றர். இன்னொண்டு ஜப்பானுக்குள்ளயே ஓடுறது, ஒரு ஜப்பான்காரன் கொண்டு வந்திருந்தான், அத பெயர்லேடி எண்டுதான் சொல்லுவாங்க. வலப்பக்கம். எஞ்சின் ரெண்டு லீற்றர்தான். கிலோமீற்றர். பக்கக் கண்ணாடி ரெண்டும் முன் சில்லுக்கு மேல, மட்காட்டில. மச்சான், நான் அதுக்குள்ள ஏறி இருந்தன், கண்ணாடி நல்லாத் தெரியுது. நீ சொன்னது பிழை.”

நாலு தரம் வாசித்தேன். “நீ சொன்னது பிழை” என்ற இடத்தில் சிரிப்பு வந்தது. பிறகு சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு ஐந்தாம் தரமும் வாசித்தேன்.

கார்த்திகை 5, வியாழன்

வெயில். வேலை ஒன்றுமில்லை. யாரிடம் பெற்றோல் இருக்கிறது, வண்டி பழுதாக?

இந்தக் கொப்பியை வேறு யாரும் பார்க்கப் போவதில்லை. இருந்தாலும் மறந்துபோகுமுன் எழுதிவைக்கிறேன். இசட் என்றால் டட்சன் 240 இசட், ஜப்பான் கார். இரண்டு கதவு, மூக்கு மாதிரி நீண்ட பொனற், ஆறு சிலிண்டர், பந்தயக்கார். வாழைச்சேனைப் பக்கம் வேலை செய்த ஒரு எஞ்சினியர் வைத்திருந்தார். நானும் நஸீரும் ஒரே கராஜில் வேலை பழகிய காலம். மாதம் ஒருதரம் அது வரும். யார் முதலில் பொனற்றைத் திறப்பது என்று சண்டை. எஞ்சினியர் வெளிநாடு போகும்போது “ரெண்டு பேரும் வச்சுக்கொள்ளுங்கடா” என்று சாவியைத் தந்துவிட்டுப் போனார். நஸீர் அழுதான். நானும்தான், ஆனால் அவன் கண்டுவிடாமல்.

ஓடக்கூடிய வண்டியை யாராவது கொண்டுபோய்விடுவார்கள். அதனால் எஞ்சினைக் கழற்றி, கிறீஸ் பூசி, நெல் மூட்டைகளுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். வெறும் உடம்பு மட்டும் கராஜுக்குள்.

உலகத்தில் எத்தனை விதமான இசட் என்று ஒரு பட்டியல் போட்டு வந்தோம். ஜப்பான், அமெரிக்கா, நம்மது. எது உண்மையான இசட் என்பதுதான் வழக்கு. அவனுக்கு ஜப்பான். எனக்கு நம்மது. வலப்பக்க ஸ்டியறிங், 2.4 லீற்றர், அஞ்சு கியர். வேறென்ன வேணும் ஒரு மனுசனுக்கு? மட்காட்டில், அந்தத் தூரத்தில் கண்ணாடி வைத்தால் என்ன தெரியும் என்று அவனோடு மூன்று நாள் பேசாமல் இருந்திருக்கிறேன். வெட்கம்.

கார்த்திகை 7, சனி

லாசர் அண்ணனிடம் பதில் கொடுத்துவிட்டேன். “மட்காட்டில கண்ணாடி வச்சா திருத்துறதுக்கு இறங்கி ஓட வேணும். உன்ர ரெண்டு லீற்றர் மேட்டில ஏறாது” என்று. கடைசியில் “நீ இஞ்ச வராத” என்று எழுதி, வெட்டி, திரும்ப எழுதினேன்.

எதிர்த் தேத்தண்ணிக் கடைத் தங்கராசா அண்ணன் தமிழ்-முஸ்லிம் வெட்டுக்கொத்தில் தன் தம்பியைப் பறிகொடுத்தவர். அவர் முன்னால் காத்தான்குடி என்ற பெயரை யாரும் எடுப்பதில்லை. நஸீரின் சின்ன மாமாவும் அதே வெட்டுக்கொத்தில், அதே மாதம்தான் போனார். அந்த வீட்டில் எத்தனை பெருநாள் சாப்பிட்டிருக்கிறேன். சாவு வீட்டுக்குப் போகவில்லை. ஒரு வரி கூட எழுதவில்லை. என்ன எழுதுவது?

கார்த்திகை 10, செவ்வாய்

லாசர் அண்ணனைப் பாலத்து ஆமிச் சோதனைச் சென்றியில் நாலு மணித்தியாலம் வைத்திருந்தார்களாம். என்னுடைய கடதாசிதான். கண்ணாடி, ரெண்டு லீற்றர், மேடு, இஞ்ச வராத. இரகசியக் குறிப்பு என்று நினைத்துவிட்டார்கள். மனுசன் நிலத்தில் குந்தி, கல்லால் தரையில் கார் கீறிக் காட்டித் தப்பி வந்திருக்கிறார். வந்தவர் என்னை ஏசிய ஏச்சு!

“உங்க ரெண்டு பேருக்கும் விசரா? நாடு எரியுது, இவனுகள் கண்ணாடி எங்க பூட்டுற எண்டு கடிதம் எழுதுறானுகள்!”

“மன்னிச்சுக்கொள்ளுங்க அண்ணே.”

“இனி ஒரு துண்டும் கொண்டு போமாட்டன். வாயால சொல்லு. கொண்டு போறன்.”

வாயால். சொல்ல வேண்டியது எவ்வளவு கிடந்தது. உன் மாமாவுக்கு நான் வரவில்லை, பயத்தில் இருந்துவிட்டேன், நீ இல்லாமல் இந்தக் கராஜில் ஒருவரோடும் வாய்விட்டுச் சிரித்ததில்லை. லாசர் அண்ணன் காத்துக்கொண்டு நின்றார்.

“நம்மடது அஞ்சு கியர் எண்டு சொல்லுங்க” என்றேன்.

“இதச் சொல்லவா நான் பாலம் தாண்டுற?”

தலையில் அடித்துக்கொண்டு போனார்.

கார்த்திகை 13, வெள்ளி

பெருமழை. கூரை மூன்று இடத்தில் ஒழுக்கு. வசந்திக்கு இருமல் குறைவு.

“இஞ்சேருங்க, ஒருக்காப் போய்த்தான் பாத்திட்டு வாங்களன். மூணு மைல்தானே” என்றாள்.

“போனா ஆரு திரும்பி வாற?”

“அப்ப ஏன் விடிஞ்சாப் பொழுதுபட்டா அந்தத் தகரத்தத் துடைக்கிறீங்க?”

கோபம் வந்தது. தகரமாம்! கராஜுக்குப் போய் வலப்பக்கச் சீற்றில் இருந்தேன். பக்கத்துச் சீற் அவனுடையது. அமெரிக்கக் கார் என்றால் அங்கே இருந்துதான் ஓட்டுவார்கள். அவன் அங்கிருந்தே ஓட்டுகிற மாதிரி பாசாங்கு செய்வான், வாயால் கியர் மாற்றுவான். அவனைப் பார்க்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம், ஒருதரம் பார்த்தால் போதும்.

கார்த்திகை 14, சனி

லாசர் அண்ணன் பதில் கொண்டு வந்தார். நஸீரின் குரலிலேயே சொல்லிக் காட்டினார்.

“அஞ்சு கியர் எண்டா எனக்குத் தெரியாதா எண்டு கேட்டான். பிறகு சொன்னான், திங்கக்கிழம காலம அவன் போற வான் டவுனுக்குள்ளால, உன்ர கராஜ் வாசலாலதான் போகுதாம். நிப்பாட்ட ஏலாதாம். கார வெளியில தள்ளி வைக்கட்டாம். நீயும் அதுக்குப் பக்கத்தில நிக்கட்டாம்.”

“வேற?”

“வேற என்ன? நீ எப்பிடி இருக்கிற எண்டு கேட்டான். மெலிஞ்சு போனான் எண்டன்.”

நாளைக்குச் செய்ய: நாலு ரயருக்கும் காற்று. பாசி கழுவ. முன் பம்பர் துடைக்க. தலைமயிர் வெட்ட.

கார்த்திகை 16, திங்கள்

தூறல். ஆறரைக்கே வசந்தியும் நானுமாகத் தள்ளி வெளியே கொண்டுவந்துவிட்டோம். எஞ்சின் இல்லாததால் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. மழை பட்டதும் பழைய ஒறேஞ் நிறம் தெரிந்தது. வெள்ளைச் சேட் போட்டிருந்தேன்.

தங்கராசா அண்ணன் கடையிலிருந்து குடையோடு வந்தார். “என்ன தம்பி, விக்கப் போறியா?”

“இல்லண்ணே, பாசி பிடிக்குது. காத்துப் படட்டும்.”

எட்டேகால். ஆமி வண்டி முன்னால், பின்னால் ஏழெட்டு வாகனங்கள். நாலாவது பச்சை வான். கண்ணாடியெல்லாம் புகார் படிந்து மங்கல். ஒரு கை உள்ளிருந்து துடைத்தது. அவன்தான். தாடி வைத்திருக்கிறான், முன் மயிர் இல்லை. காரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். வான் போய்விட்டது.

போகவில்லை. நூறு யார் தள்ளி, சந்திச் சென்றியில் எல்லா வாகனத்தையும் மறித்தார்கள். ஆட்களை இறக்கினார்கள். நஸீரும் இறங்கி, பையை வைத்துவிட்டு, இந்தப் பக்கம் கிறுகி நின்றான். நூறு யார். ஓடினால் அரை நிமிசம். ஆமி ஒன்றும் செய்யாது, எங்களைத் தெரியும். முன் பம்பரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடையில் பத்துப் பேர் தேத்தண்ணி குடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நஸீர் கையை உயர்த்தினான். உயர்த்தியபடியே நின்றான்.

தங்கராசா அண்ணன் குடையைச் சரித்துப் பார்த்தார். “ஆரு தம்பி அது? உன்னப் பாத்துத்தானே கை காட்டுறான்?”

“தெரியா அண்ணே” என்றேன்.

நான் அதைச் சொல்லும்போதும் அவன் கையை இறக்கவில்லை.