எந்தச் சிலை, எந்தப் பட்டறை

இன்று காலை கம்ப்யூட்டரில் பட்டனை அமுக்கியதும் திரையில் ஓர் ஆங்கிலப் பெட்டி எழும்பியது. விவரம் போதவில்லையாம், ஒன்று குறைகிறதாம். பழக்கத்தில் உன் நம்பரைத் தேடினேன், மச்சான். நீ போய்ச் சேர்ந்தது மாசியில் என்பது பிறகுதான் உறைத்தது.

வாசலில் லாரி நின்றது. சிலையை 'ஏற்றியாச்சு' என்று நீ எழுதிய புரோகிராம் குறித்தால்தான் லாரிக்கான சீட்டு அச்சாகும். மாலைக்குள் சரக்கு துறைமுகம் சேராவிட்டால் கப்பல் போய்விடும். சிலையை வாங்கும் வெளிநாட்டுக்காரர் இனி என் பக்கம் திரும்பமாட்டார்.

வினை நான் இழுத்ததுதான். கருங்குழியில் இரண்டாவது பட்டறை போட்டு, அங்கும் சிலைகளுக்கு ஒன்றிலிருந்து எண் போட்டேன். இங்கே மாமல்லபுரத்தில் ஒரு நந்தியை ஏற்றினால், அதே எண்ணில் அங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளையாரும் ஏறிவிட்டதாகப் பதிவானது. அதனால் நேற்று நானே, 'ஏற்றியாச்சு' என்று குறிக்க நீ எழுதிய கட்டளையில், எண்ணோடு 'எந்தப் பட்டறை' என்ற கேள்வியையும் சேர்த்தேன். இன்று மொத்தமாக நின்றுவிட்டது. சென்னையில் புரோகிராம் எழுதும் ஒருவரைப் போனில் பிடித்தேன். "தூக்கிப் போட்டுட்டுப் புதுசா பண்ணலாம் சார், ரெண்டு மாசம் ஆகும்" என்றார். உள்ளே இருப்பது என் மொத்த வியாபாரம். விடவும் முடியாது, தொடவும் தெரியாது.

செங்கல்பட்டில் உன் கம்ப்யூட்டர் சென்டரில் உன்னோடு மல்லுக்கு நின்றது நினைவிருக்கிறதா?

"இன்னா மச்சான், ஒவ்வொரு வாட்டியும் எந்த சிலைன்னு கேட்டுகினே கீது? பேஜாரு."

"கேக்காம வுட்டா பட்டறைல கீற அத்தினியும் ஏத்தியாச்சுன்னு எழுதிடும். அப்பால நீயும் கப்பல்ல ஏறிப் போ."

சிரித்துவிட்டு, திரையில் எண்ணை எழுத ஒரு கட்டமும் பக்கத்தில் ஒரு பட்டனும் வைத்தாய். "கட்டளைய நேரா தொறந்தா அதுவே உன்னக் கேக்கும். பட்டன் பின்னால கீற புரோகிராம் கோடுலேர்ந்து ஓட்டுனா கேக்காது. ஓட்டறதுக்கு மின்னாடியே நாமதான் கையில குடுத்துடணும்."

அன்று பாதிதான் காதில் விழுந்தது. இன்று பட்டனின் பின்னால் திறந்து பார்த்தேன். சிலை எண்ணைக் கையில் கொடுக்கும் உன் வரி அங்கே இருந்தது. அதையே கீழே மறுபடி எழுதி, எண் இருந்த இடத்தில் பட்டறையை வைத்தேன். அமுக்கினேன். ஒரே ஒரு சிலை மட்டும் 'ஏற்றியாச்சு' என்று மாறியது. லாரி கிளம்பியது.

கணக்குப் பார்க்கும் செல்வி நிம்மதியாக மூச்சு விட்டாள். "நாளைக்கு மறுபடி நின்னுச்சுன்னா யாரண்ணே கேக்கறது?"

"என்னக் கேளு" என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாய் மூடவில்லை, கருங்குழியிலிருந்து போன். அங்கேயும் பட்டனை அமுக்கினால் அதே ஆங்கிலப் பெட்டியாம்.