அனுதாபக் கூட்டம் வேண்டாம் என்றேன், ரமணி

என் ரமணிப் புள்ளைக்கு,

நீ பேச வேண்டிய கூட்டம் போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. நான்தான் பேசினேன். நம்புவாயா?

மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனபோது கொழிஞ்சாம்பாறை வாசகசாலைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது: 'பிரபஞ்சம் ஏன் வேகமெடுக்கிறது? பேசுபவர்: ரமணி, கல்லூரி ஆய்வக உதவியாளர்.' அதன்மேல் வேறு தாள் ஒட்டப் பசையோடு நின்றார் செயலாளர்.

"அனுதாபக் கூட்டமா மாத்தீரலாமுங்க."

"படத்துக்கு மாலை போட்டு ரெண்டு நிமிசம் நிக்கறதுக்கா அவ அத்தன படிச்சா? நான் பேசறனுங்க."

"நீங்க துணி தைக்கறவீங்க. இதெல்லாம் உங்களால முடியுங்களா?"

என் தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் நீ என்னிடம்தானே சொல்லிப் பார்த்தாய்? உன் வீட்டிலிருந்து உன் நோட்டை வாங்கிவந்து புரியும்வரை படித்தேன்.

மேலே எறிந்த கல்லின் வேகம் குறையும். அதேபோல, பொருள்கள் ஒன்றையொன்று இழுப்பதால் பிரபஞ்சம் விரிவதும் மெதுவாகும் என்று நினைத்திருந்தார்கள். வெகுதொலைவில் வெடித்த விண்மீன்களோ எதிர்பார்த்ததைவிட மங்கலாக, அதாவது இன்னும் தூரத்தில் தெரிந்தன. விரிவு வேகமெடுத்திருக்கிறது! விரிய விரியப் பொருளின் இழுப்பு தளர்கிறது. வெற்றிடத்தின் தள்ளுதல் மட்டும் குறையாமல் ஜெயிக்கிறது என்று கணிக்கிறார்கள். கூட்டத்தில் இத்தனையும் சொன்னேன்.

பொள்ளாச்சி பஸ் கண்டக்டர் எழுந்தார். "அப்ப பொள்ளாச்சியும் தூரமாப் போகுதுங்களா?"

"இல்லீங்க. பக்கத்துல இருக்கறத ஈர்ப்பு புடிச்சு வெச்சிருக்குது. விரியறது தூரத்து நட்சத்திரக் கூட்டங்களுக்கு நடுவுலதான்."

எல்லாரும் சிரித்தார்கள். செயலாளர் மட்டும் விடவில்லை.

"அந்தத் தள்ளுதல் எங்கிருந்து வருதுங்க?"

"இருள் ஆற்றல்னு பேரு வெச்சிருக்காங்க. அது என்னன்னு இன்னும் யாருக்கும் தெரியாதுங்க."

"தெரியாததப் பேச எதுக்கு ஒரு கூட்டம்?"

எனக்குச் சுர்ரென்று வந்தது. "உலகத்துல பெரிய பெரிய படிப்பாளிக தெரியலீன்னு சொல்லீட்டுத்தான் தேடறாங்க. நாம சொல்றதுக்கு என்னங்க வெக்கம்? இந்த ஊர்ல தமிழ்ல கேட்டாக் கேள்வி சின்னதாயிருமா?"

அவர் உட்கார்ந்துவிட்டார். நான் முடிக்கும்வரை ஒருவரும் எழுந்து போகவில்லை. வீட்டுக்கு வந்துதான் அழுதேன். உனக்கு வாழ இன்னும் வயதிருந்தது, புள்ள. அந்தக் கோபம் எனக்கு ஆறாது, ஆற வேண்டியதுமில்லை.

அடுத்த மாதக் கூட்டத்துக்கும் என் பெயரைக் கொடுத்துவிட்டேன். தப்பாகச் சொன்னால் திருத்திக்கொள்வேன். வாயை மூடிக்கொண்டு மட்டும் இருக்க மாட்டேன்.

கூடப் பிறக்காத உன் அக்கா,
சரோஜா