ஒட்ட இறைத்த கிணறு

11-11-77, வெள்ளி

போர் நினைவுச் சின்னத்துக்கு மாலை போடும் வைபவம் இந்த வருஷமும் நடந்தேறியது. அண்ணன் ஓகுஸ்தேன் மெடல்களைப் புளி போட்டுத் தேய்த்து மாட்டிக்கொண்டு போனார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தாக் கிழவர்கள் பதினேழு பேர், மூன்று குடைகள். மழையில் ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டு வந்து, "பிரான்சுக்காக நின்னோம் ஜோசெஃபின்" என்கிறார், தும்மிக்கொண்டே. பிரான்சு வந்து கஷாயம் போடுமா? நான்தான் போட வேண்டும். முப்பத்தோரு வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்து ஓய்வும் பெற்றாயிற்று. வீட்டு வார்டை மட்டும் மூட முடியவில்லை.

காற்று ஒரு மாதிரி இருக்கிறது.

13-11-77, ஞாயிறு

புயல். வீட்டு ஓடு பாதி போயிற்று. தெருவில் ஒரு மரம் நிற்கவில்லை. மேலே எழுதக் கை வரவில்லை.

15-11-77, செவ்வாய்

இளையபெருமாள் வாத்தியார் வந்தார். புயல் நிவாரணக் குழு ஆரம்பித்திருக்கிறார்களாம், கடலோரக் குப்பங்களுக்குக் குடிதண்ணீர் கொடுக்க. மொத்தம் பன்னிரண்டு பேர். தலைவர், துணைத் தலைவர்கள், செயலாளர், இணைச் செயலாளர்கள் என்று பதினொரு பேருக்குப் பதவி. மிச்சம் இருக்கிற ஒருவர் வண்டிக்காரர் சோமு. தண்ணீர் தூக்குவது அவர்.

"மதாம், நீங்க வந்து சுகாதாரம் பத்தி நாலு வார்த்தை பேசணும்" என்றார் வாத்தியார்.

பேச வரமாட்டேன், வேலை இருந்தால் வருகிறேன் என்றேன். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பது போல் பார்த்தார்.

17-11-77, வியாழன்

போலகத்துக்குக் கிழக்கே, கடற்கரையில், புன்னைமேடு. எண்பது வீடுகள் இருந்த குப்பம். சுவர் நிற்கிற வீடு இருபது தேறாது. சுற்றியுள்ள குட்டைகளில் என்னென்னவோ மிதக்கிறது.

குழுவின் முதல் தண்ணீர் வண்டி வந்தது. தண்ணீர் கொண்டுவர இவர்களுக்குக் கிடைத்தது சாராயக் கடைப் பீப்பாய்! கழுவினீர்களா என்றால், "ரெண்டு தடவ அலசினோம் மதாம்." மூடியைத் திறந்ததும் வாசனை நாகூர் வரை போயிருக்கும். குழந்தைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடின. ஆண்கள் மட்டும் அடக்க ஒடுக்கமாக வரிசையில் நின்றார்கள். வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பவும் வந்து நின்றார்கள். வாத்தியார், "மக்கள் ரொம்ப ஆர்வமா இருக்காங்க" என்று நோட்டில் எழுதிக்கொண்டார். ஆர்வமாம்!

பீப்பாய்களைத் திருப்பி அனுப்பி, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வைத்தேன்.

குப்பத்துக்கு நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றே ஒன்றுதான். மேட்டில் இருப்பதால் கடல் உள்ளே வரவில்லை. ஆனால் கீற்றும் சேறுமாக இருக்கிறது, நடுவில் ஒரு செத்த ஆடு. ஆட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு அப்படியே மொண்டு குடிக்கப் பார்த்தார்கள். நல்லவேளை நான் இருந்தேன்.

19-11-77, சனி

கிணற்றை ஒட்ட இறைத்து, அடிமணலை வாரி, உறையைத் தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். காலரா வார்டில் நின்றவளுக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

வாளியில் இறைத்து மாளாது என்று, நெடுங்காட்டுச் செல்லையன் தன் ஆயில் எஞ்சினை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வருகிறாராம். "என் எஞ்சினு வாய்க்காலையே குடிச்சிரும்மா" என்றார். வயலுக்கு ஆற்றுத் தண்ணீர் தானாக வருகிற ஊர்க்காரருக்கு எஞ்சின் எதற்கு என்று கேட்க நினைத்தேன். கேட்டால் கொடுக்காமல் போய்விடுவார்.

மீன் விற்கும் காசியம்மா குறுக்கே வந்தாள். அந்தக் குப்பத்தில் என்னை எதிர்த்துப் பேசுவது அவள் ஒருத்திதான். "ஒட்ட எறைக்காதீங்க நர்சம்மா. இது மேலாக்க மொள்ளுற கெணறு. நாங்க தோண்டியத் தாழ விடுறதே இல்ல."

விட்டால்?

"கோச்சுக்கும்."

கிணறு கோபித்துக்கொள்ளுமாம்! இவர்களிடம் கிருமியைப் பற்றி என்ன பேச? "நீ மீனப் பாரு காசியம்மா, நான் தண்ணியப் பாக்குறேன்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

21-11-77, திங்கள்

எஞ்சினுக்குச் சந்தனம், குங்குமம், மாலை. மாப்பிள்ளை ஊர்வலம் தோற்றது. காலையிலிருந்து பொழுது சாய ஓடியது. கடைசியில் தரை தெரிந்தது, நானே எட்டிப் பார்த்தேன். தானாக ஊறட்டும், நாளைக்குப் பவுடர்.

இந்தப் பன்னிரண்டு பேர் செய்த காரியங்களில் உருப்படியானது இது ஒன்றுதான். அதுவும் நான் சொன்னது.

24-11-77, வியாழன்

கிணற்றுத் தண்ணீர் கரிக்கிறது என்று புன்னைமேட்டிலிருந்து ஆள் வந்தது. மருந்து வாடை அப்படித்தான் இருக்கும், இரண்டு நாளில் போய்விடும், பேசாமல் குடிக்கச் சொல்லுங்கள் என்று அனுப்பினேன். சுத்தமான தண்ணீரைக் கொடுத்தால் அதற்கும் ஒரு குறை.

27-11-77, ஞாயிறு

கிணற்றடியில் விழா. புயலில் கூரை பறிபோன குப்பத்தில் முதன்முதலாக எழும்பிய பந்தல் விழா மேடைக்கு. சிறப்பு விருந்தினர், பெயரை எழுதி என் பேனா மையை வீணாக்குவானேன், ஒரு மணி நேரம் கழித்து வந்தார். வெள்ளி டம்ளரில் கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்தார். மனிதருக்கு விழி பிதுங்கியது. விழுங்கிவிட்டு, மைக்கைப் பிடித்து, "இளநீர் தோத்துச்சு!" என்றார். ஒரே கைதட்டல். போட்டோ.

அப்புறம் டம்ளர் என்னிடம் வந்தது.

உப்பு.

மருந்து வாடை கொஞ்சமும் இல்லை. உப்பு. எத்தனை வருஷம் பிளீச்சிங் நெடியில் நின்றவள் நான். எனக்குத் தெரியாதா? தெரிந்தது. குடித்த அந்த நிமிஷமே தெரிந்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. பொன்னாடை போட்டார்கள், குனிந்து வாங்கிக்கொண்டேன். காசியம்மா கூட்டத்தின் ஓரத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

28-11-77

நாளைக்குச் சரியாகிவிடும். ஊறி ஊறித் தெளிந்துவிடும் — யாரிடம் சொல்கிறாய் ஜோசெஃபின்? கேட்க யார் இருக்கிறார்கள் இங்கே?

30-11-77, புதன்

காசியம்மாவின் மகள் அல்லியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். எட்டு மாதக் கர்ப்பிணி. வயிற்றுப்போக்கு, வாந்தி. கண் உள்ளே போய்விட்டது. நாடி பிடித்தால் கைக்கு அகப்படவே இல்லை. சலைன் ஏறுகிறது.

குட்டைத் தண்ணீர் குடித்திருக்கிறாள். சோமுவின் பீப்பாய் எண்பது வீட்டுக்கு எந்த மூலைக்கு?

காசியம்மா அழவில்லை. "கெணத்துத் தண்ணி வாயில வச்சா கொமட்டுதுன்னு அழுதா. நர்சம்மாவே மேடையில குடிச்சாங்கடி, குடின்னு திட்டினேன். மாட்டேன்னுட்டுக் குட்டைக்குப் போயிட்டா" என்றாள். மகளின் போர்வையை இழுத்துவிட்டு, "ஒங்களுக்கு அன்னிக்கே தெரிஞ்சுபோச்சுல்ல? மொகத்தப் பாத்தேனே. ஏன் சொல்லல?" என்றாள்.

நான் என்னத்தைச் சொல்ல! வெக்கமா இருந்துச்சு, அதான் சொல்லல. இத்தனை பேர் முன்னால தப்புன்னு சொல்ல வெக்கம். ஒரு புள்ளத்தாச்சி உசிர விட அந்தச் சால்வை பெருசாப் போச்சு எனக்கு.

1-12-77

நாலாவது பாட்டில். இன்னும் சிறுநீர் இறங்கவில்லை. கட்டிலை விட்டு நகரவில்லை நான்.

2-12-77

இறங்கிற்று. வயிற்றில் காதை வைத்துக் கேட்டேன், குழந்தையின் துடிப்பு இருக்கிறது. மாதாவே.

4-12-77, ஞாயிறு

பூசை முடிந்து நேரே புன்னைமேடு போனேன். கிணற்றடியில் ஆட்களைக் கூட்டி, தப்பு என்னுடையது, தண்ணீர் உப்பாகிவிட்டது, எனக்கு முதலிலேயே தெரியும், சொல்லவில்லை என்றேன். அடிப்பார்கள் என்று நினைத்தேன். ஒரு பெரியவர், "சரி, இப்ப தண்ணிக்கு என்ன வழி?" என்றார்.

காசியம்மாதான் மேட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். மணலில் இரண்டு முழம் தோண்டினாள். அடியில் கசிந்து நின்றதைக் கொட்டாங்கச்சியால் அலுங்காமல் மொண்டு கொடுத்தாள். நல்ல தண்ணீர்! கடல் கூப்பிடு தூரத்தில் கிடக்கிறது.

"மழத்தண்ணி மேல நிக்கிது, கடலு அடியில கெடக்குது நர்சம்மா. நோவாம எடுத்தா மேல உள்ளது வரும். நீங்க ஒரேயடியா உறிஞ்சிட்டீங்க, கீழ உள்ளது எழும்பிருச்சு."

கோபித்துக்கொள்ளும் என்று அன்றைக்குச் சொன்னது இதைத்தானா? அப்போதே விவரமாகச் சொல்லித் தொலைத்தால் என்ன என்று ஆத்திரம் வந்தது. நான் எங்கே கேட்டேன்? மீனைப் பார் என்றேன். படித்த திமிர்.

ஆடு செத்த கிணற்றில் என்ன செய்திருக்க வேண்டும் என்று கேட்டேன். "மேலாக்க எறைச்சு எறைச்சு ஊத்தணும், பத்து நாளைக்கு. அப்புறம் ஒங்க பவுடரப் போட்டுக் காச்சிக் குடிக்க வேண்டியதுதான்." இவ்வளவுதான்.

திரும்பும்போது வாத்தியார் வழிமறித்தார். "இத வெளியில சொல்லாதீங்க மதாம். குழுவுக்குக் கெட்ட பேரு. போட்டோ பேப்பருக்குப் போயிடுச்சு." அவரை நாலு திட்டு திட்டலாம் என்று வாயெடுத்தேன். ஒரு வாரம் நான் செய்ததும் இதே வேலைதான்.

9-1-78

அல்லிக்குப் பெண் குழந்தை. இரண்டரைக் கிலோ.

20-3-79, செவ்வாய்

பவுடர் பையோடு புன்னைமேடு. செவ்வாய்தோறும் போவதுதான். நிவாரணக் குழு எப்போதோ கலைந்தது, பதவிகள் வேறு குழுக்களுக்குப் போயின. சோமு மட்டும் தினம் ஒரு நடை பீப்பாய் கொண்டுவருகிறார், யாரும் சொல்லாமலே. பெண்கள் மணல் ஊற்றில் மொள்ளுகிறார்கள். தோண்டிக்கு இவ்வளவு பவுடர், இவ்வளவு நேரம் காய்ச்ச வேண்டும் என்று நான் கத்திக்கொண்டிருக்கிறேன். பாதிப் பேர் கேட்பதில்லை. சொல்வதை நிறுத்துவதாகவும் இல்லை.

ஒரு ஐப்பசி கார்த்திகை முழுக்கப் பெய்தும் கிணறு தெளியவில்லை. இன்னும் இரண்டு மழைக்காலம் ஆகலாம் என்கிறாள் காசியம்மா. ஆகாமலும் போகலாமாம்.

அல்லி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்திருக்கும் பெண்ணுக்கு இடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "குடிக்கிறதுக்கு மணல் ஊத்து. சாமான் கழுவ, துணி அலச, நர்சம்மா கெணறு."

நக்கலாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். ஒரு வருஷமாக அதற்கு அதுதான் பெயர் போலிருக்கிறது. குப்பத்தில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

"அது யாரு நர்சம்மா?" என்று அந்தப் பெண் கேட்டாள். அல்லி திரும்பி என்னைப் பார்த்துவிட்டாள். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை.

"நான்தாம்மா" என்றேன். "சாமானை எடுத்துக்கிட்டு வா, காட்டுறேன்."