பெரியம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை

அம்மா,

இன்று சாயங்காலம் தெர்மாமீட்டர் பீப் அடித்ததும் உன் ஞாபகம்தான் வந்தது. உன் பேத்திக்குச் சாதாரணச் சளிக் காய்ச்சல்தான். எல்.கே.ஜி. வகுப்பே தும்முகிறது. ஆனால் இது நீ அக்குளில் இடுக்கிக்கொண்டு, கண்ணை மூடி, ஒன்றும் அறியாதவள் போல உட்கார்ந்திருந்த அதே தெர்மாமீட்டர். இந்தச் சத்தம் கேட்டாலே உன் மேல் கோபம் வருகிறது. இன்னமும்.

போய்விட்டால் எல்லோரும் நல்லவர்களாகிவிடுகிறார்கள். உன்னை அவ்வளவு சுலபமாக விடுவதாக இல்லை.

டாக்டர் உன் முகத்தைப் பார்த்துத்தானே சொன்னார்? கீமோவுக்குப் பிறகு வெள்ளை அணுக்கள் இறங்கும், ரத்தமும் குறையும், லேசாகச் சுட்டாலும் உடனே கூட்டி வாருங்கள், வீட்டிலேயே மாத்திரை போட்டு அடக்காதீர்கள் என்று. நீயும் தலையாட்டினாய். அதை நம்பித்தான் இரண்டு வயதுப் பிள்ளையைப் பாலவாக்கத்தில் மாமியாரிடம் விட்டுவிட்டு, மந்தைவெளியில் உன் வீட்டில் வந்து உட்கார்ந்தேன். செருப்பு ஸ்டாண்டின் மேல் மாஸ்க் டப்பா, கை கழுவும் மருந்து. என் குழந்தையையே வீடியோவில்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மத்தியானம் மருந்து வாங்கப் போய்த் திரும்பினால், உன் கட்டிலில் பெரியம்மா. மடியில் மாதுளம்பழப் பை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா, சளியா?"

"டஸ்ட் அலர்ஜிடி. தி.நகர்ல எங்க பார்த்தாலும் தோண்டிப் போட்டிருக்கான்."

"மாஸ்க் வாசல்லயே வெச்சிருக்கேனே."

"நான் என்ன கொரியர்காரனா? என் தங்கச்சிடி இவ. இவளுக்குத் தலை பின்னி விட்டவ நான்."

"இப்போ பின்றதுக்கு ஒண்ணும் இல்லக்கா" என்று நீ மொட்டைத் தலையைத் தடவினாய். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"எப்படி வெளுத்துக் கிடக்கா பாரு. மாதுளை குடு, ரத்தம் ஊறும்" என்று எனக்கு உத்தரவு போட்டுவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு காலையும் மாலையும் பார்த்தேன், காய்ச்சல் இல்லை. ஆனால் நீ பாத்ரூம் போகச் சுவரைப் பிடித்தாய். பாதி வழியில் மூச்சு வாங்கி நின்றாய். நைட்டி முதுகோடு ஒட்டியிருந்தது. தலையணை உறை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. "ஃபேன் ஓடலயா, வேர்க்குதே" என்றாய். ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. உறையை மாற்றக் கழற்றினேன். உள்ளேயிருந்து பாராசிட்டமால் அட்டை விழுந்தது, பாதிக்கு மேல் காலி. நான் பார்க்க வரும் நேரத்தைக் கணக்குப் பண்ணி விழுங்கியிருக்கிறாய்.

"ஏம்மா?"

"காய்ச்சல்னா அக்கா வந்ததாலதான்னு சொல்லுவ. அவள ஒரு வார்த்தை கேட்டுடுவ."

ஒரு வார்த்தை! அதற்கு விலையாக உன் உயிரையா வைப்பாய்? ஆட்டோவில் ஏறியும் கத்தினேன். டிரைவர் திரும்பிப் பார்த்து, "யக்கா, அப்பால திட்டிக்கலாம், அம்மாவுக்கு முடியல பாரு" என்றார்.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது பிரஷர் எங்கேயோ இறங்கியிருந்தது. நரம்பில் ஆன்டிபயாட்டிக், கூடவே ரத்தம். இதில் கொடுமை என்ன தெரியுமா? கிருமி உன் உடம்புக்குள்ளிருந்தே கிளம்பியிருக்கலாம், யாரையும் கை காட்ட முடியாது என்றார் டாக்டர். பெரியம்மாவைக் காப்பாற்றுவதாக நினைத்து, இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத ஒரு குற்றத்தை மறைத்தாய். ரத்தம் ஏற ஏற உன் உதட்டில் கொஞ்சம் நிறம் வந்தது. வந்ததும் நீ பேசிய முதல் பேச்சு: "அக்காகிட்ட சொல்லாத."

அந்த முறை பிழைத்து வந்தாய். அதற்கப்புறம் மாஸ்க் இல்லாமல் பெரியம்மாவை நான் உள்ளே விடவில்லை. பிறகு நோயே உன்னைக் கொண்டுபோயிற்று. காரியத்தன்று கூடத்தில் எல்லோர் காதிலும் விழும்படி பெரியம்மா அழுதாள்: "கூடப் பொறந்தவள கண்ணால பார்க்க விடல. போலீஸ்காரி மாதிரி வாசல்ல நின்னா." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் கையில் காப்பித் தட்டு. உண்மை நாக்கு நுனி வரை வந்தது. முதல் டம்ளரை அவளுக்குக் கொடுத்துவிட்டு நகர்ந்தேன். உனக்காக மட்டும்தான்.

சற்று முன் போன் செய்தாள். "பாப்பாவுக்குக் காய்ச்சலாமே, காலைல மாதுளை வாங்கிட்டு வரேன்." சொல்லி முடிப்பதற்குள் இருமல்.

"இருமல் நின்னப்புறம் வாங்க பெரியம்மா."

"நீ மாறவே மாட்டியாடி?"

"மாட்டேன்."

உன் ரகசியத்தைக் காப்பேன், உன் தாட்சண்யத்தை அல்ல. உன் பேத்திக்கு வேறு பாடம் சொல்லியிருக்கிறேன்: எங்கே வலித்தாலும் உடனே கத்து, யார் என்ன நினைப்பார்கள் என்று பார்க்காதே. அவள் நன்றாகவே கற்றுக்கொண்டாள். காது வலி, கால் வலி, பொம்மைக்கு வயிற்று வலி. இதை எழுதும்போதே உள்ளேயிருந்து கத்துகிறாள்: "அம்மா, மறுபடி காய்ச்சல்!"

எழுந்து போகிறேன். தெர்மாமீட்டரை அப்புறம்தான் எடுப்பேன். முதலில் தலையணையைத் தொட்டுப் பார்ப்பேன், நனைந்திருக்கிறதா என்று.