நாலுகையரின் விளக்கு

டோர்செட் பார்க்,
ஸ்காபரோ.
29 யூன் 1997

அன்புள்ள புனிதம்,

நான் சுகமாக இருக்கிறேன். படி ஏறும்போது மட்டும் முழங்கால் முறைப்பாடு வைக்கிறது. நீரும் சுகமாக இருக்க நல்லூரானை வேண்டிக்கொண்டு இதைத் தொடங்குகிறேன்.

சித்திரை வருசத்துக்கு நான் எழுதிய கடிதத்துக்குப் பிறகு உம்மிடமிருந்து ஒரு வரியும் இல்லை. தபால் பிந்துகிறது என்று ஒரு மாதம் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். பிறகு, எங்கள் பக்கத்து வீட்டு அருள்நாயகி இங்கே ரெக்ஸ்டேலில் இருக்கும் மகளுக்குப் போட்ட கடிதம் மூன்று கிழமையில் வந்து சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். அதோடு விளங்கிவிட்டது. உம்முடைய கோபம் நியாயமானது. அதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். முதலில் ஒரு படத்தைப் பற்றி எழுதவேண்டும். சிரிக்காமல் வாசியும்.

என்னோடு போத்தல் மூடி செய்யும் ஃபக்ரரியில் வின்சன்ற் என்று மன்னார் ஆள் ஒருவன் வேலை செய்கிறான். நாற்பது வயதிருக்கும். சனி, ஞாயிறில் ஒரு தியேட்டரில் கூட்டித் துடைக்கிற வேலையும் பார்க்கிறான். அங்கே கிடைக்கிற இலவசப் பாஸ் ஒன்றைக் கொண்டுவந்து தந்து, "அண்ணை, அறைக்குள்ள கிடந்து சுவரைப் பாக்காமல் ஒருக்கால் போய்ப் படம் பாருங்கோ" என்றான். என்ன படம் என்று கேட்டேன். விண்வெளிப் படம், இரண்டாம் பாகம், சனம் வீதி வரைக்கும் வரிசையில் நிற்குது என்றான். முதலாம் பாகம் பார்க்காதவன் அங்கே போய் என்ன செய்வது என்று யோசித்தேன். ஆனால் வெளியே கொதிக்கிற வெயில், உள்ளே குளிர். போய்விட்டேன்.

முதல் அரை மணித்தியாலம் ஒரு இழவும் விளங்கவில்லை. யார் யாருடைய தகப்பன், யார் நல்லவன், அந்தக் கறுப்பு அங்கிக்காரர் ஏன் எல்லோரையும் சுடுகிறார், ஒன்றும் தெரியாது. இங்கிலீசும் மூச்சு விடாமல் ஓடுகிறது. மெல்ல மெல்லப் பிடிபட்டது இவ்வளவுதான். ஒரு கிரகம் எரிந்துபோய்விட்டது. அங்கிருந்து தப்பிய ஆயிரம் பேர் ஒரே கப்பலில், இறங்க ஒரு இடம் கேட்டு ஊர் ஊராகத் திரிகிறார்கள். எல்லா இடத்திலும் பத்திரம் கேட்கிறார்கள். இதற்குப் பிறகு எனக்கு இங்கிலீசு தேவைப்படவில்லை.

அந்தக் கப்பலின் கப்டன் ஒரு பெண். இயந்திரம் பார்ப்பவர் பச்சை நிறத்தில், நாலு கையோடு ஒரு கிழவர். அவருடைய பெயர் என் வாயில் நுழையாது, நான் நாலுகையர் என்று வைத்திருக்கிறேன். கடைசியில் கப்பல் பழுதாகி ஒரு சந்திரனில் இறங்குகிறது. எதிரி நெருங்குகிறான். அவனைத் திசை திருப்ப ஒரு இளம் விமானி சின்ன வாகனத்தில் புகைக்குள் போகிறான். திரும்பி வரவில்லை. ஆயிரம் பேரை வைத்துக்கொண்டு ஒருவனுக்காக நிற்க முடியாது, புறப்படுவோம் என்கிறார் கப்டன். நாலுகையர் கதவை மூட விடவில்லை. ஒரு விளக்கைக் கொளுத்திக்கொண்டு வாசலில் இருந்துவிட்டார். இயந்திரம் உறுமத் தொடங்குகிறது. அவ்வளவுதான், தியேட்டரில் வெளிச்சம் போட்டுவிட்டார்கள்.

நான் இடைவேளை என்று நினைத்தேன். சுபம் போடவில்லை, வணக்கம் போடவில்லை, எப்படி முடிந்திருக்கும்? சனமெல்லாம் எழும்பி வெளியே போனது. நானும் போய் ஒரு பிளேன்ரீ கேட்டேன். ரீ இல்லையாம். ஒரு வாளி சோளப்பொரியைத் தந்தார்கள். மற்றவர்களுக்கு முந்தி வந்து என் ஆசனத்தில் இருந்துகொண்டேன். திரையில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. பிறகு அதுவும் நின்றது. ஒருவரும் திரும்பி வரவில்லை. இந்த ஊர்ச் சனம் எவ்வளவு நேரம் வெளியே நின்று கதைக்கிறது என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு நான் பொரியைக் கொறித்தபடி காத்திருந்தேன்.

கடைசியில் உள்ளே வந்தது வின்சன்ற், கையில் கூட்டுகிற தும்புத்தடியோடு. எப்ப மற்றப் பாதி தொடங்கும் என்று அவனிடம் கேட்டேன். "அண்ணை, படம் முடிஞ்சுது. மிச்சம் இனி மூண்டு வருசத்தால வரும்" என்றான். தும்புத்தடியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிச் சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தி, பக்கத்து ஆசனத்தில் இருந்தான். கப்பல் போனதா, நின்றதா என்று கேட்டேன். அது ஒருத்தருக்கும் தெரியாது அண்ணை என்றான்.

அதிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளும். நாலு தரம் பார்த்துவிட்டேன். முதலாம் பாகத்தை வீடியோவில் எடுத்துப் பார்த்தேன், குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை. அதில் நாலுகையர் எதிரியின் ஆள். அவர் எப்போது, ஏன் மாறினார் என்று ஃபக்ரரியில் பெடியளோடு சாப்பாட்டு நேரம் முழுக்க வாதாடுகிறேன். ஐம்பத்தாறு வயதில், அந்தப் படம் போட்ட தொப்பி ஒன்றைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போகிறேன். முப்பது வருடம் ரயில் அனுப்பிய ஸ்ரேசன் மாஸ்ரருக்கு வந்த கோலத்தை நீர் பார்க்கவேண்டும்.

ஆனால் ஒன்று மட்டும் விளங்கவேயில்லை. அன்று அந்தச் சனம் எப்படி அவ்வளவு சுகமாக எழும்பிப் போனது? ஒருவன் புகைக்குள் நிற்கிறான். உயிரோடு இருக்கிறானா தெரியாது. இவர்கள் ஐஸ்கிறீம் வாங்கிக்கொண்டு சிரித்துப் பேசிக்கொண்டு போகிறார்கள். வின்சன்றிடம் கேட்டேன். "மூண்டாம் பாகம் வருமெண்டு அதுகளுக்குத் தெரியும்தானே அண்ணை" என்றான்.

புனிதம், அந்த வெறும் தியேட்டரில் நான் ஒருவன்தான் இருந்தேன். முன்பின் அறியாத யாரோ ஒருவன் வருவான் என்று பொரியும் கையுமாகக் காத்திருந்தேன். அப்படிப்பட்ட நான்தான் சித்திரையில் உமக்கு அப்படி எழுதினேன். பெற்ற பிள்ளை வருவான் என்று படலையைப் பூட்டாமல் இருக்கிற உமக்கு.

உங்களை இங்கே கூப்பிடப் போட்ட விண்ணப்பத்தில் கிருபனுடைய பெயரை வெட்டியது என் கையால் நடந்தது. படிவம் நிரப்பித் தருகிறவர், எங்கே என்று தெரியாத பிள்ளையின் பெயர் இருந்தால் அலுவல் நகராது, தாயின் பெயர் மட்டும் இருக்கட்டும் என்றார். நான் தலையாட்டினேன். அதை ஏதோ கெட்டித்தனம் போல உமக்கு எழுதியும் விட்டேன். இடம்பெயர்ந்த அன்று அடையாள அட்டைகளை எடுத்துவருகிறேன் என்று சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனவன். இருபது மாதமாகச் செய்தி இல்லை. அன்று நான் அங்கே இல்லை. பார்த்த நீர் இன்னும் காத்திருக்கிறீர், பார்க்காத நான் பேனையால் ஒரு கோடு போட்டுவிட்டேன். அது பெரிய பிழை. என்னை மன்னித்துவிடும்.

இப்போது இன்னொரு விசயம். நாலாம் தரம் பார்க்கும்போது கடைசிக் காட்சியை உற்றுப் பார்த்தேன். நாலுகையர் கதவுக்கு உள்ளே இருக்கிறார். விளக்கு அவர் கையில் இல்லை. வெளியே, ஏணிக்குக் கீழே, அந்தச் சந்திரனின் மண்ணில் இருக்கிறது. அப்படியென்றால் கப்பல் புறப்படப் போகிறது, விளக்கை அவனுக்காக வைத்துவிட்டுப் போகிறார்கள் என்றுதானே அர்த்தம்? வின்சன்ற் இல்லை என்கிறான். அது கண்ணாடியில் தெரிகிற நிழல், விளக்கு அவர் கையில்தான் இருக்கு என்கிறான். இன்னொரு தரம் போய்ப் பார்க்கலாம் என்றால் படத்தை எடுத்துவிட்டார்கள். எனக்கு இன்றுவரைக்கும் நிச்சயமில்லை.

நிச்சயமில்லாமலே ஒன்று செய்தேன். ஒரு நாள் லீவு போட்டு, வோபர்னில் இருக்கும் ஒரு சட்டத்தரணியிடம் விண்ணப்பத்தைக் கொண்டுபோனேன். நல்ல வேளை வந்தீர்கள், குடும்பத்தில் ஒருவரை இப்போது சொல்லாமல் விட்டால் பிறகு அவரைக் கூப்பிட வழியில்லாமல் போய்விடும் என்றார். கிருபனுடைய பெயரைத் திரும்பவும் சேர்த்தாயிற்று. இருக்கும் இடம் என்ற கட்டத்தில், இப்போது தெரியவில்லை என்று எழுதியிருக்கிறது. அந்த 'இப்போது' நான் சொல்லிப் போடுவித்தது. அந்தப் பக்கத்தின் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன்.

இதனால் அலுவல் பிந்தலாம். ஆனாலும் கொழும்பில் உமக்கு விசா நேர்முகம் ஓகஸ்ட் பதினெட்டில்தான், அதில் மாற்றமில்லை. தரைப்பாதை பூட்டிக் கிடப்பதால் கொழும்புக்குப் போகக் கப்பலுக்கு இப்போதே பதிந்தால்தான் இடம் கிடைக்கும். வாரும் என்று எழுதப் பேனையை எடுக்கிறேன், படலை ஞாபகம் வருகிறது. இரும் என்று எழுத எடுக்கிறேன், இந்த அறை ஞாபகம் வருகிறது. எது சரி என்று எனக்குத் தெரியவில்லை புனிதம். போகிறதென்று நீர் முடிவெடுத்தால், வீட்டுத் திறப்பையும் இந்த விலாசத்தையும் அருள்நாயகியிடம் கொடும். முன் அறைச் சுவரிலும் பெரிய எழுத்தில் எழுதிவிடும். போகவில்லை என்றால் அதையாவது ஒரு வரி எழுதும். நான் இனி ஒன்றும் சொல்லமாட்டேன்.

முழங்காலுக்கு அந்த எண்ணெய் இங்கே கிடைக்கிறது, அனுப்ப வேண்டாம். நீர் நேரத்துக்குச் சாப்பிடும்.

வின்சன்ற் மூன்றாம் பாகத்துக்கும் பாஸ் எடுத்துத் தருவதாக இப்போதே வாக்குக் கொடுத்திருக்கிறான். அக்கா வந்தால் உங்களுக்கு இரண்டு போதும்தானே அண்ணை என்று கேட்டான். மூன்று வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

முருகன் துணை.

என்றும் உம்முடைய,
தியாகலிங்கம்