வீணைக்குப் பக்கத்தில் ஒரு 'ம்ம்'

8 ஜூலை, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். எங்கள் லோத்குண்டா பகுதி முழுக்க ஈரம். வீணைத் தந்திகள் சுருதியில் நிற்கவில்லை. சென்னை சபா ஒன்றின் தேர்வுக்கு வசந்தா பத்து நிமிடம் வாசித்து அனுப்ப வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள். பதிவு என் பொறுப்பு. முப்பது வருடம் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த கணவனாயிற்றே.

நண்பரிடம் இரவல்: கண்டென்சர் மைக் 1 (மூச்சைக்கூடப் பிடிக்கும்). மேடையில் கையில் பிடிக்கும் சாதா மைக் 1.
– சாதா, வீணைக் குடத்துக்கு அருகே: தகர டப்பாச் சத்தம்.
– கண்டென்சர், அதே இடம்: 'பொம்' என்று குடம் மட்டும். நகச் சத்தம் வேறு.
– மூன்றடி தள்ளி: வீணையைவிடப் பக்கத்து ராணுவ நிலத்து மயில் தெளிவு.

எதுதான் வீணையின் சத்தம்? இடத்துக்கு ஒரு வீணை.

9, புதன்
ஃபேன் நிறுத்தம். ஜன்னலுக்குப் போர்வை. கண்டென்சரை, தந்தி அழுத்தும் மெட்டுகளுக்கு மேலே, அவள் தோள் உயரத்தில் வைத்தேன். அருமை. கமகமெல்லாம் குழைந்து வந்தது. ஆனால் அடியில் மெல்லிய 'ம்ம்'.

எர்த் கோளாறா? கேபிள் மாற்றினேன். ஃப்ரிட்ஜ் ஆஃப். லேப்டாப் பேட்டரியில். போகவில்லை. மைக்கைக் குடத்தருகே இறக்கினால் இல்லை. கரண்ட் இரைச்சல் என்றால் ஒரே சுருதியில் நிற்க வேண்டும். இது ராகத்தோடு ஏறி இறங்குகிறது. குழப்பம். பால் வாங்க மறந்தேன்.

10, வியாழன்
கல்லூரியிலிருந்து வந்த மகள் அனுவிடம் ஹெட்போனைக் கொடுத்தேன். அரை நிமிடம் கேட்டாள். இந்த ஊரிலேயே வளர்ந்தவள்; தமிழில் கேட்டால் தெலுங்கில்தான் பதில்.

"அம்மா பாடுத்தோந்தி கதா, டாடி."

அம்மா பாடுகிறாளாம். அவள் பாட்டை நிறுத்தி இரண்டு வருடம். தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு குரல் உடைந்தது. மேல் ஸ்தாயி போயே போயிற்று. அதன்பின் கோயிலில்கூட வாய் திறந்ததில்லை. வாசிக்கும்போது கூடவே முனகுவது அவளுக்கே தெரியாது போல.

சொன்னால் நிறுத்திவிடுவாள். சொல்லாமல் மைக்கை இறக்கிவிட்டால்? பதிவு சுத்தமாக இருக்கும். அது ஏன் திருட்டு மாதிரிப் படுகிறது?

ரசத்தில் உப்பு அதிகம்.

11, வெள்ளி
வசந்தாவே ஹெட்போன் கேட்டாள். தடுக்கக் காரணம் தோன்றவில்லை. அவள் கேட்கும்போது முகத்தைப் பார்க்க முடியாமல் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். மறுபடி போடச் சொன்னாள்.

"இது நானா?"

ஆமாம் என்றேன். எப்போதிலிருந்து தெரியும் என்றாள். நேற்று அனு சொல்லித்தான். அதுவரை கரண்ட் கோளாறு என்று நினைத்து ஃப்ரிட்ஜை அணைத்தேன் என்றேன். சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"சபாவுக்கு இது வேணாம். குடத்துக்கிட்ட வச்சு வேற எடுங்க. ஆனா இத அழிச்சிராதீங்க."

எடுத்தோம். வாயை இறுக்கி மூடியபடி வாசித்தாள். விரல்களிலும் அந்த விறைப்பு. மாலை ஆறுக்கு அனுப்பியாயிற்று. தேர்வாகுமா, சொல்ல முடியாது.

12, சனி
வெயில். மைக்குகளைத் துடைத்துப் பெட்டியில் வைக்கப் போனேன். 'நக்கோ', வேணாம், இருக்கட்டும் என்றாள். வீணையை எடுக்கவில்லை. வெறும் பாயில் வந்து உட்கார்ந்தாள்.

"வாய்க்கு முன்னால வைங்க."

எவ்வளவு தூரத்தில்? உடைந்த குரலுக்கு எந்த மைக்? விளங்கவில்லை. கண்டென்சரை ஓரடி தள்ளி வைத்தேன். அரையடிக்கு இழுத்துக்கொண்டாள்.