துரையின் காரில் ஒரு புளிச்சோற்று மூட்டை

ஈப்போ, மலாயா
12-8-1952

அன்புள்ள சரசம்மாவுக்கு, திம்மப்பன் எழுதுவது. நான் சுகம். சூளகிரியில் நீயும் பிள்ளைகளும் சுகந்தானே? சின்னவனுக்கு இருமல் நின்றதா?

முந்தின ஞாயிறு நானும் நம்மூர்க் கங்கப்பனும் எங்கள் வெள்ளைக்கார துரையின் பழங்காலக் காரை ஓட்டிக்கொண்டு, கோலாலம்பூரில் நடந்த பழைய கார்களின் ஊர்வலத்துக்குக் கிளம்பினோம். நம் வழக்கப்படி புளிச்சோறு கட்டிக்கொண்டேன். காட்டிலிருக்கும் கலகக்காரர்களுக்குப் போய்விடுமென்று இங்கே சாலையில் சோறு கொண்டுபோகத் தடை. ஒருவேளைச் சாப்பாடுதானே என்று நினைத்துவிட்டேன்.

வழியில் சோதனைச் சாவடியில் போலீஸ்காரர்கள் மூட்டையைப் பிரித்தார்கள்.

"என்னுதுங்க," என்றான் கங்கப்பன். பிறகு என் காதோடு, "நீ வண்டிய எடு. உனக்குப் பிள்ளைங்க இருக்குது," என்றான்.

விசாரித்துவிட்டு மாலையே அனுப்புவதாகச் சொன்னார்கள். இன்றோடு ஒன்பது நாள். கேட்டால், அப்படி ஒருவனைப் பிடிக்கவே இல்லை என்கிறார்கள். கவலைப்படாதே, வந்துவிடுவான். அவன் மனைவி மாரம்மா கேட்டால், வேலை அதிகமென்று சொல்.

சோறு கட்டியது உன் பழைய சேலைத் துணியில். அதுவும் போய்விட்டது. இன்னொரு துண்டு தபாலில் அனுப்பு. துவைக்க வேண்டாம்.

சாவடிப் பக்கம் போகும் லாரி வந்துவிட்டது. மூட்டை என்னுடையதென்று சொல்லிவிட்டு வருகிறேன்.

திம்மப்பன்